வெறுந்தட்டில் எழுந்த மேடு

விமலாராணி என்னதான் படிக்கிறாள் என்பதை விருத்தாசலத்தில் யாராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பங்குக் கோயிலில் ‘கரண்டு படிக்குது’ என்பார்கள். பெங்களூரில் எதையோ விறைக்க வைத்துப் பார்க்கிற வேலை என்று கேள்விப்பட்ட எதிர்வீட்டுக்காரர், ‘ஐஸ் கம்பெனியில இருக்குது’ என்று முடித்துவிட்டார். பெற்ற தாய் உபகாரமேரியே, ‘ஷாக் அடிக்கிறதப் பத்தி ஆராய்ச்சி’ என்றுதான் பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்திருந்தாள். மகள் ‘அதிர்வு’ என்று சொன்னது அம்மாவின் காதில் ‘அதிர்ச்சி’ என்று விழுந்திருந்தது. மின்சாரமும் அதிர்ச்சியும் சேர்ந்தால் ஷாக்தானே, வேறென்ன? விமலா இரண்டொரு தடவை திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அம்மா வாய்க்கு மட்டும் எங்கே கிடைக்கப் போகிறது.

அப்பா மிக்கேல் ஜங்ஷனில் ரயில்வே வேலையில் இருந்தவர். விமலா பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். அதன்பின் உபகாரமேரி செராமிக் பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தாள். டீ கப்புக்குப் பிடி ஒட்டுகிற வேலை. பச்சைக் கப்பின் பக்கத்தில் களிமண் கூழைத் தொட்டு வைத்து, பிடியை நேராக உட்கார வைத்து, ஈர விரலால் வழித்துவிட வேண்டும். பிடி கோணினால் கப்பு கழிவுக்குப் போகும். உபகாரமேரி ஒட்டிய பிடி கோணியதாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பிடிகளைப் பிடித்துக்கொண்டுதான் விமலா திருச்சியில் பட்டமும் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி.யும் முடித்தாள். ஊரில் கல்லூரி வந்த புதிது. இயற்பியல் சோதனைச்சாலையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. ‘இனி என்னடி குறை, கல்யாணம்தான்’ என்று கோயில் பெண்கள் சொன்னார்கள். விமலாவுக்குக் குறை இருந்தது. பெங்களூரில் ஆசிரியர்களுக்கு நடந்த கோடை வகுப்பு ஒன்றுக்குப் போனவள், அந்தக் குறையோடுதான் திரும்பி வந்தாள்.

அந்த வகுப்பில் பேராசிரியர் சுப்புராயன் ஒரு விஷயம் சொன்னார். அலுமினியத்தின் மேல் தானாக ஒரு தோல் படியும். காற்றுப் பட்டால் போதும், ஆக்சைடு என்கிற அந்தத் தோல் வந்துவிடும். அந்தத் தோலின் மேல் இன்னோர் உலோகத்தைப் படிய வைத்தால், இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மின்சாரம் போகக் கூடாது. சட்டப்படி வழி அடைப்பு. ஆனால் தோல் அவ்வளவு மெல்லியது என்பதால், எலக்ட்ரான் இந்தப் பக்கம் காணாமல் போய் அந்தப் பக்கம் தலை காட்டிவிடும். இப்போது, அந்தத் தோலின் மேல் ஒரே ஓர் அடுக்கு மூலக்கூறுகளைப் பரப்பினால் என்ன ஆகும்? மூலக்கூறு சும்மா கிடப்பதில்லை. கார்பனும் ஹைட்ரஜனும் கட்டிப் பிடித்தபடி நீண்டும் சுருங்கியும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிணைப்புக்கும் தனித்தனி ஆட்டம். அதைக் கடந்து போகிற எலக்ட்ரான் அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் போக முடியாது என்றார் அவர். மேல்நாட்டில் இதைக் கண்டுபிடித்துச் சில வருஷங்கள்தான் ஆகின்றன, நம் நாட்டில் செய்து பார்க்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

விமலா அங்கேயே தீர்மானித்துவிட்டாள். கல்லூரி வேலையை விடாமல், லீவு எடுத்து எடுத்து, அவரிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொண்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். ஆனால் சில கால்கள் விட்ட பிறகுதான் நீச்சல் பழகும்.

ஆராய்ச்சிக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு தட்டு. உலோகத்தைப் படிய வைக்க, தபால்தலை அளவில் மழமழவென்று ஒரு தட்டு. மேல்நாட்டுக் கண்ணாடி வாங்க வழியில்லை. உள்ளூர்க் கண்ணாடியோ, திரவ ஹீலியத்தில் இறக்கிய மாத்திரத்தில் விரிசல் விட்டுப் போயிற்று. அந்தக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. காற்றே கல்லாக உறைந்துவிடுகிற குளிர். அவ்வளவு குளிரில்தான் எலக்ட்ரான் சொல்வது தெளிவாகக் கேட்கும். சூடு கொஞ்சம் இருந்தாலும் எல்லாம் குழம்பிவிடும். விமலா இதை வீட்டில் புலம்ப, உபகாரமேரி மறுநாள் பட்டறையில் காத்தவராயனிடம் போய் நின்றாள்.

காத்தவராயன் அச்சு அழுத்துகிறவர். ஸ்விட்சுக்கு அடியில் வைக்கிற பீங்கான் துண்டெல்லாம் அவர் கையில் வார்த்ததுதான்.

“இம்மாத்துண்டு தட்டு எதுக்கு மேரியம்மா, எலிக்குச் சோறு போடவா?” என்றார்.

“எம்பொண்ணு ஷாக்குக்கு வோணுமாம்.”

அவர் சிரித்தார். ஆனால் செய்து கொடுத்தார். ஒரு பக்கம் கிளேஸ் பூசி, கண்ணாடி மாதிரிப் பளபளக்க, மறுபக்கம் கிளேஸ் இல்லாமல் சொரசொரவென்று. பின்பக்கமும் பூசினால் சூளையின் அடித்தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அப்படி. தட்டு ஹீலியத்துக்குத் தாக்குப் பிடித்தது. பேராசிரியர் சுப்புராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எந்த ஊர் இறக்குமதி?” என்று கேட்டார். விமலா ஊர்ப் பெயரைச் சொன்னபோது அவளுக்குத் தலை கொஞ்சம் உயரமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் தட்டு வாங்கப் பட்டறைக்குப் போனபோது காத்தவராயன் கேட்டே விட்டார், “அப்பிடி என்னாதான் பண்ணுறம்மா இத வெச்சிக்கினு?”

விமலா யோசித்தாள். “மாமா, மங்கலம்பேட்டை சந்தைக்கு ஒரு வழி இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அதுல எல்லாரும் போறாங்க. பக்கத்துல ஒருத்தர் தோப்பு வழியா ஒரு குறுக்கு வழி இருக்குது. ஆனா எட்டணா குடுத்தாதான் வுடுவாரு. கையில எட்டணா இல்லாதவன அவரு ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு. எட்டணா இருந்தா அந்த வழியும் தொறந்துடும். அப்ப சந்தைக்கு வர்ற கூட்டம் கொஞ்சம் கூடும் இல்லிங்களா?”

“கூடும்.”

“நான் சந்தையில நின்னுக்கினு கூட்டத்த மட்டும் பாக்கிறேன். எல்லார் கையிலயும் காச கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினே வரேன். எட்டணாவுல கூட்டம் கூடுச்சுன்னா, நடுவுல எட்டணா கேக்கிற ஆளு இருக்கிறாருன்னு தெரிஞ்சுடும். பன்னெண்டணாவுல இன்னொரு தடவ கூடுச்சுன்னா, அங்க வேற ஆளு. தோப்புக்காரர நான் கண்ணால பாக்க வோண்டியதே இல்ல.”

“சந்தைக்கு வர்றவன்தான் நீ சொல்ற எலக்ட்ரானு” என்றார் காத்தவராயன்.

“ஆமா. தோப்புக்காரரு மூலக்கூறு. அவரு வாங்கிற காசு, அது ஆடுறதுக்கு வோண்டிய சத்து. காச ஏத்துறதுன்னா வோல்ட்ட ஏத்துறது.”

காத்தவராயன் அச்சில் மண்ணைக் கொட்டியபடியே, “எட்டணா கொஞ்சம் ஜாஸ்திதான்” என்றார்.

பெங்களூரில் காகிதச் சுருள் ஓட, அதன் மேல் பேனா நகர்ந்து கோடு போடும். குறிப்பிட்ட வோல்ட் வந்ததும் கோடு ஒரு மேடு காட்டி இறங்கும். பென்சாயிக் அமிலத்தைப் பரப்பிய தட்டுகளில் விமலாவுக்கு மேடுகள் கிடைத்தன, அந்த அமிலத்துக்கு எங்கெங்கே வர வேண்டுமோ அங்கங்கே. பேராசிரியருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் சந்தோஷத்தை நம்பாத மனிதர். “ஒன்றுமே வைக்காத தட்டு ஒன்றையும் ஓட்டிக் காட்டுங்கள், அது ஊமையாக இருக்க வேண்டும்” என்றார். அந்த வெறுந்தட்டு ஊமையாக இருந்தால்தான் மற்ற தட்டுகள் பேசியதற்கு மரியாதை. எழுபத்து நான்காம் வருஷம் செப்டம்பர் கடைசியில் விமலா ஊருக்கு வந்து, காத்தவராயனிடம் புதுத் தட்டுகள் வாங்கி, கல்லூரிச் சோதனைச்சாலையில் அமிலத்திலும் காய்ச்சி வடித்த வாலைநீரிலும் கழுவி உலர்த்தி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வீட்டில் வைத்தாள். “அம்மா, பளபளன்னு இருக்கிற பக்கத்தத் தொட்டுடாத” என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னாள். பிறகு சேலம் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

வெறுந்தட்டு பேசியது.

பேனா நேராகப் போய்க்கொண்டிருந்தது. பூஜ்யம் புள்ளி முப்பத்தாறு வோல்ட் பக்கம் வந்ததும் சிரமமே இல்லாமல் ஏறி இறங்கியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே மேடு, அதே இடத்தில்.

“கார்பன்–ஹைட்ரஜன். எண்ணெய்ப் பசை ஏதோ உள்ளே இருக்கிறது” என்றார் அவர். “நீங்கள் ஒன்றும் வைக்கவில்லை, ஆனாலும் மேடு வருகிறது. அப்படியென்றால் வைத்த தட்டில் வந்த மேட்டை மட்டும் எதை வைத்து நம்புவது?”

“நான் நல்லா கழுவினேன் சார்.”

“கழுவியிருப்பீர்கள். இது என் வெற்றிடப் பம்பின் எண்ணெயாகத்தான் இருக்கும். குழாயில் பின்னோக்கி ஏறி வந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் எடுத்த கோடுகள் எல்லாமே சந்தேகம்தான்.” அவர் குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஹீலியம் வேண்டாத தலைப்பு ஒன்று தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்.”

தலைப்பை மாற்றுவது என்றால் முதலிலிருந்து தொடங்குவது. கல்லூரி கொடுத்த லீவு வருஷக் கடைசியோடு முடிகிறது; அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். தலைப்பு போனால் ஆராய்ச்சி போனது. இது அவருக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “டிசம்பரில் ஒரு தடவை ஹீலியம் வரும். அதற்குள் இந்த மேடு எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். சொன்னால் அது உங்களுக்கு. ஊகம் வேண்டாம், காரணம் வேண்டும்” என்றார். வேறு ஒருவராக இருந்தால் அந்த ஹீலியத்தை அப்போதே வேறு மாணவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அந்த ஒரு தடவைக்காக விமலா அவரை ஆயுசுக்கும் நன்றியோடு நினைத்தாள்.

திரும்பும் ரயிலில் அவள் காகிதச் சுருளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிரில் பெண்ணாடத்துக்குப் போகிற கரும்புக்காரர் ஒருவர், ஜோசியக் கட்டம் என்று நினைத்து எட்டி எட்டிப் பார்த்தார். சின்னசேலம் தாண்டியபோது அவள் கண்ணில் ஒன்று பட்டது. பெரிய மேட்டைப் பார்த்த பதற்றத்தில் இருவரும் கவனிக்காத ஒன்று. பூஜ்யம் புள்ளி இரண்டு வோல்ட்டைத் தாண்டி இன்னொரு மேடு இருந்தது. சின்னது, எறும்புப் புற்று மாதிரி. இரண்டாம் ஓட்டத்திலும் அதே இடத்தில் இருந்தது. ஆக, தற்செயல் இல்லை.

அந்த இடத்தில் ஆடுவது கார்பனும் ஆக்சிஜனும். பம்பில் ஊற்றுகிற எண்ணெய் மண்ணெண்ணெய் வம்சம்; அதில் ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இருப்பது செடி கொடி தருகிற எண்ணெயில். தேங்காய், எள், ஆமணக்கு. அப்படியென்றால் பம்ப் குற்றவாளி இல்லை. மனுஷக் கை ஒன்று சமையல்கட்டிலிருந்தோ வேறெங்கிருந்தோ எண்ணெயோடு வந்து தட்டைத் தொட்டிருக்கிறது. தோப்புக்காரர் தன் ஜாதகத்தையே சொல்லிவிட்டார், பெயரை மட்டும்தான் சொல்லவில்லை.

முதலில் அவள் தன் பின்னலைத்தான் சந்தேகப்பட்டாள். ஆனால் தலையைத் துணியால் கட்டிக்கொண்டுதான் கழுவினாள். அடுத்தது அச்சு. அச்சில் மண் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை நேராகப் பட்டறைக்குப் போனாள்.

“தடவுவோம்தான்” என்றார் காத்தவராயன். “ஆனா அதுக்கப்புறம் சூளைக்குப் போவுதே. அந்தத் தீயில எண்ணெ என்னா, எலும்பே நிக்காது. சூளைக்குப் பின்னாடி நான் வெறுங்கையால கூட தொடல. கடுதாசில சுத்திதான் உங்கிட்ட குடுத்தேன்.”

“அப்ப எண்ணெ எப்பிடி மாமா வந்திருக்கும்? அந்த எண்ணெயாலதான் இப்ப எல்லாம் நின்னு போச்சு. டிசம்பருக்குள்ள சொல்லலன்னா என் படிப்பு அவ்வளவுதான்.”

நாலடி தள்ளி உட்கார்ந்து உபகாரமேரி பிடி ஒட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் மகள் வந்தால் தலை நிமிர்ந்து பார்ப்பவள், அன்று பார்க்கவில்லை. பலகையில் அவள் வைத்த கப்பின் பிடி கோணலாக உட்கார்ந்திருந்தது. காத்தவராயன் அதைப் பார்த்தார். விமலாவும் பார்த்தாள்.

சாயங்காலம் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது அம்மா தானாகவே ஆரம்பித்தாள், அரிசி களைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல்.

“நீ பளபளன்னு இருக்கிற பக்கத்தத் தொடக்கூடாதுன்ன. நான் தொடல.”

“அம்மா?”

“பின்னாடிதான் வெச்சேன். வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெ. மந்திரிச்சது. ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாடி விரலால சிலுவ போட்டேன். இத்தினி வருசமா நீ படுற பாட்டுக்கு மாதா ஒரு வழி காட்டட்டும்னு. பஞ்சால தொடச்சும் வுட்டேன், மேல ஒண்ணும் தெரியல.”

மேலே ஒன்றும் தெரியாதுதான். கிளேஸ் இல்லாத பீங்கான், எண்ணெயை மண்சட்டி மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெங்களூரில் வெற்றிடத்துக்குள், உலோகத்தை உருக்கிப் படிய வைக்கிற சூட்டில், பின்பக்கத்து எண்ணெய் மெல்லக் கசிந்து, ஆவியாகி, முன்பக்கம் வந்து படிந்திருக்கிறது. வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய் ஆக்சைடுத் தோலின் மேல் ஒரே அடுக்காக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் விமலாவுக்கு அம்மாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை ஊரில் ஆயிரம் இருக்கலாம். தன் குரங்கைத் தானே பெங்களூர் வரை மடியில் சுமந்து போனவள் அவள் ஒருத்திதான். எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே அம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள், களைந்த அரிசியையே மறுபடியும் மறுபடியும். “நானே கெடுத்துட்டேன். மாதா பேரச் சொல்லி நானே கெடுத்துட்டேன்” என்று அவள் தனக்குத்தானே சொல்வது கேட்டது.

அந்தக் குரலைக் கேட்டபடி நின்றபோதுதான் விமலாவின் புத்தி வேறு பக்கம் திரும்பியது. யாரும் சொல்லாத எண்ணெய். யாருக்கும் தெரியாத எண்ணெய். பேராசிரியருக்குத் தெரியாது, அவளுக்கே தெரியாது. அதன் வழியாகப் போன எலக்ட்ரானுக்குத் தெரிந்திருக்கிறது. எண்ணெய் இருக்கிறது என்று மட்டுமில்லை, பம்ப் எண்ணெய் இல்லை, செடி எண்ணெய் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறது. இதைவிட ஒரு கருவி என்ன சாட்சி சொல்ல வேண்டும்? ஊமையாக இருக்க வேண்டிய தட்டு பொய் பேசியிருந்தால் அவள் தொலைந்தாள். அது பேசியது நிஜம்.

அவள் உள்ளே வந்து அம்மாவின் கையிலிருந்து அரிசிப் பாத்திரத்தை வாங்கி வைத்தாள். “அம்மா, நீ கெடுக்கல. அந்த எண்ணெயில இன்னும் மிச்சம் இருக்குதா?” என்று கேட்டாள்.

உபகாரமேரி அவளைப் பார்த்த பார்வையில், பெண்ணுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்கிற கவலைதான் இருந்தது.

டிசம்பருக்கு மூன்று தட்டு தயாராயிற்று. காத்தவராயன் இந்தத் தடவை இரண்டு தட்டுகளுக்குப் பின்பக்கமும் கிளேஸ் பூசித் தந்தார். சூளையில் அடி ஒட்டாமலிருக்க மண்ணிலேயே ஊசிமுனை மாதிரிக் கால் வைத்த சின்ன முக்காலிகளைச் செய்து, அவற்றின் மேல் தட்டை நிறுத்திச் சுட்டார். முதல் சூட்டில் பாதி உடைந்தது. முதலாளி கேட்டதற்கு, “மேரியம்மா பொண்ணு வேல, உடைஞ்சா என் கணக்கு” என்று சொல்லி மறுபடி சுட்டார். அவருக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. பிற்காலத்தில் விமலா எத்தனையோ பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறக்கும்போதெல்லாம் அந்த ஊசிக்கால் முக்காலிகள்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும். மூன்றாவது தட்டு பழைய மாதிரி, பின்பக்கம் சொரசொரப்பு.

கிளம்புகிற அன்று காலை அந்த மூன்றாவது தட்டை எடுத்து அம்மா முன்னால் நீட்டினாள்.

“போடும்மா.”

“என்னா போட?”

“எண்ணெ. அன்னிக்கிப் போட்ட மாதிரியே. பின்பக்கம், சிலுவ.”

“நான் மாட்டேன்டி. பட்டது போதும்.”

“நீ போட்டாதான் எனக்குப் படிப்பு. அன்னிக்கி வந்த மேடு இந்த எண்ணெயாலதான்னு நான் காட்டணும். இதுல மேடு வரணும், மத்ததுல வரக் கூடாது. வேற யாராச்சும் போட்டா அளவு மாறிடும்.”

உபகாரமேரி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். குப்பியைத் திறந்து, எண்ணெய் தொட்டு, தட்டின் பின்னால் சிலுவை போட்டாள். பிறகு மற்ற இரண்டு தட்டுகளைப் பார்த்தாள்.

“அதுங்களுக்கு?”

“அதுங்களுக்கு செபம் மட்டும் போதும்மா. தள்ளி நின்னு.”

அம்மா தள்ளி நின்று செபித்தாள்.

பெங்களூரில் வெறுந்தட்டை முதலில் ஓட்டினார்கள். பேனா நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது, சுருள் தீருகிற வரை போனது. விமலா மூச்சு விட்டது அதன் பிறகுதான். அமிலத் தட்டு தன் மேடுகளைச் சொந்த இடங்களில் காட்டியது. மூன்றாவதாக எண்ணெய்த் தட்டு. பேராசிரியர் பழைய சுருளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். பெரிய மேடு, சின்ன மேடு, இரண்டும் பழைய சுருளில் இருந்த அதே இடங்களில் வந்தன. அவர் அளவுகோலை வைத்து அளந்து பார்த்தார். பிறகு அளவுகோலைக் கீழே வைத்தார்.

“என் பம்பை அநியாயமாகத் திட்டிவிட்டேன்” என்றார். “என்ன எண்ணெய் இது? உங்கள் ஆய்வேட்டில் பெயர் எழுத வேண்டுமே.”

விமலா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். “தாவர எண்ணெய் என்று எழுதுங்கள்” என்றார். “உங்கள் அம்மாவிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். வெறுந்தட்டு வெறுமையாக இருந்திருந்தால் ஒரு கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் காட்டியிருப்போம். நமக்கே தெரியாததை அது கண்டுபிடிக்கும் என்று காட்ட அவர்தான் வழி செய்தார்.” பிறகு, புதிதாக வந்திருந்த ஒரு மேல்நாட்டுக் கட்டுரையைப் பற்றிச் சொன்னார். ஒரே ஒரு மூலக்கூறை இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் நிறுத்தி, அதையே ஒரு சாதனமாக ஆக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்களாம். “ஒரு நாள் செய்வார்கள். அன்றைக்கு ஓர் அடுக்கு இல்லை, ஒற்றை ஆள். அந்த ஒற்றை ஆளும் சும்மா நிற்காது, ஆடும். ஆடுவதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதற்கு உங்கள் சுருள்கள் உதவும்.” விமலாவின் பதிவு தொடரும் என்று அன்றே கையெழுத்திட்டார். லீவு முடிந்ததும் அவள் கல்லூரிக்குத் திரும்பி, பாடம் எடுத்துக்கொண்டே எழுதி முடித்து, எழுபத்தேழில் பட்டம் வாங்கினாள்.

அந்த எழுபத்து நான்கு கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள் அவள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அம்மா வாசலில் வெயிலில் உட்கார்ந்து செபமாலை கோத்துக்கொண்டிருந்தாள். விமலா பையைக்கூட இறக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பேராசிரியர் நன்றி சொன்னதையும் சொன்னாள். உபகாரமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

“மாதா எண்ணெ இருந்தது அந்த மிஷினுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா.”

“மந்திரிச்ச எண்ணெங்கிறது?”

விமலா பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. “அது தெரியாதும்மா. கடை எண்ணெ வெச்சாலும் அதே மேடுதான் வரும்.”

அம்மா ஒரு மணியைக் கோத்தாள். அடுத்த மணியை எடுத்தாள்.

“அதுக்கு என்னா தெரியும். அது வேளாங்கண்ணிக்கு நடந்தா போச்சு.”

விமலா பையை இறக்கினாள். “நீ நடந்தா போன?”

உபகாரமேரி கோத்த மணியையே மறுபடி உருவினாள். சொல்லிவிட்ட தப்பு அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அம்மா. மாதா திருநாளுக்கு நடந்தா போன?”

“நீ அப்ப பெங்களூர்ல இருந்த. சொன்னா வுட மாட்ட. கோயில் கூட்டத்தோட போனேன், தனியாவா போனேன். அஞ்சாறு நாளு. சிதம்பரம் தாண்டற வரைக்கும் ஒண்ணும் தெரியல.” அம்மா குனிந்து மணியைத் தேடினாள், மணி கையில்தான் இருந்தது. “எம்பொண்ணு படிப்பு முடியணும்னு வேண்டிக்கினேன். பஸ்ஸுல போயா வேண்டுவாங்க.”

இத்தனை வருஷம் விமலா, யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தாள். அந்த வரிசையில் அம்மாவை அவள் நிறுத்தவே இல்லை. அம்மாவுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள். அழுதால் அம்மா இன்னும் பயந்துவிடுவாள் என்று உள்ளே போனாள். அடுப்பை மூட்டி, அண்டாவில் வெந்நீர் வைத்து, கொதித்ததும் பதமாக விளாவி, கல்லுப்பு போட்டு, வாளியோடு வாசலுக்குக் கொண்டுவந்தாள். அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, புடவையைக் கொசுவிச் சொருகிக்கொண்டு கீழே உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்து இழுத்தாள்.

“என்னாடி பண்ற?” என்றாள் உபகாரமேரி. “நாலு மாசத்துக்கு முன்னாடி நடந்த காலுக்கு இப்ப எதுக்குடி வெந்நி?”